கலியனின் குட்டி வடை

சுரங்கத்தில் கரி சுமக்கிற பெல்ட்டைப் பழுதுபார்க்கும் பணிமனையை ஒட்டி இருக்கிற கேண்டீனில் பத்து மணி டீக்கு இரண்டு ஜன்னல் திறப்பார்கள். இரண்டிலும் அதே டீ, அதே மசால்வடை. ஒரே அண்டா மாவு, ஒரே சட்டி எண்ணெய், இரண்டுக்கும் போட்டு எடுப்பதும் ஒரே பிரபாவதியம்மாதான். ஆனாலும் ஒரு ஜன்னலில் பத்துப் பேர் நின்றால் கலியன் பரிமாறுகிற ஜன்னலில் நாற்பது பேர் நிற்பார்கள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் நிற்பார்கள். பக்கத்து ஜன்னல்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி எங்கேயோ பார்ப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இது விளங்காது. மூன்றாம் நாள் விளங்கிவிடும். நாலாம் நாள் அவர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

விஷயம் குட்டி வடை. டோக்கனுக்கு இரண்டு வடை என்பது கணக்கு. ஜன்னல் திறக்கும் முன்னால் எல்லாருக்கும் பொரித்து முடித்ததும் அண்டாவின் ஓரத்தை வழித்தால் கையளவு மாவு மிஞ்சும். அது முழு வடைக்குத் தேறாது. பிரபாவதியம்மா அதைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டு மொறுமொறு என்று எடுத்துவிடுவார். ஒரு நாள் இருபது தேறும், ஒரு நாள் பன்னிரண்டோடு நின்றுவிடும். அது பரிமாறுகிறவர்களுக்கு என்பது அந்தக் கேண்டீன் தொடங்கின நாளில் இருந்து உள்ள வழக்கம். பக்கத்து ஜன்னல்காரர் தன் பங்கை அங்கேயே வாயில் போட்டுக்கொள்வார். கலியன் தன் பங்கில் ஒன்றைக்கூடத் தின்றதில்லை.

அவர் செய்வது வேறு. இடுக்கியால் இரண்டு வடையை எடுத்துத் தட்டில் வைப்பார், டம்ளரைத் தள்ளுவார், ஆளை ஏறிட்டுப் பார்க்காமல் "நவுருங்க நவுருங்க" என்பார். ஆள் இரண்டு எட்டு போன பிறகு தட்டைப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று குட்டியாக உட்கார்ந்திருக்கும். யாருக்குக் கிடைக்கும், என்றைக்குக் கிடைக்கும் என்று எந்த ஜோசியனாலும் சொல்ல முடியாது. கலியனுக்கே தெரியாது, கை போகிற போக்கில் போடுவார். போட்ட பிறகு மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பார். வீட்டு லோன், மூட்டு வலி, பேசாத மருமகள் என்று ஆயிரம் பாரம் சுமந்துகொண்டு நிற்கிற ஐம்பத்தைந்து வயது ஃபிட்டரின் முகம், அந்தக் காலணா வடையைப் பார்த்ததும் ஒரு நொடி பளிச்சென்று ஆகும் பாருங்கள். அதற்காகத்தான் கலியன் தினம் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சைக்கிளை மிதித்தார்.

கலியனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பக்கத்தில் வடக்குத்து கிராமத்து ஆள். அப்பா அம்மா முந்திரிக்காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். பத்தாவதில் கணக்கில் கவிழ்ந்து, கட்டட வேலை, செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு, ஒரு தைப்பூசத்துக்கு வடலூரில் பந்தி பரிமாறப் போனார். அவர் சாம்பார் வாளி தூக்கிய லாவகத்தை ஒரு கேண்டீன் காண்ட்ராக்டர் பார்த்துவிட்டார். அப்படி வந்து சேர்ந்ததுதான், பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. காண்ட்ராக்டர் நாலு பேர் மாறினார்கள், யூனிஃபாரம் சட்டையின் நிறம் நாலு தடவை மாறியது. "இன்னும் பர்மனென்ட் ஆவலியா?" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் கலியன் சிரித்துக்கொண்டே, "நான் ஆவலீங்க, என் ஜன்னலு ஆயிடுச்சு" என்பார். சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை அது. அந்த ஜன்னலை எடுத்துவிட்டால் கலியனிடம் மிஞ்சுவது ஒரு சைக்கிளும் ஒரு முதுகு வலியும்தான்.

வீட்டில் ஆதிலட்சுமிக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. முந்திரி உடைக்கிற கொட்டாயில் வேலை பார்க்கிற பெண்மணி, வாய் கொஞ்சம் சுறுக்கு. "ஊரான் மூஞ்சி சிரிக்குதா சிரிக்குதான்னு பாத்துகினு நிக்கிறீங்க. என் மூஞ்சிய ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?" என்பார்.

"உனக்கு வடை குடுத்தா நீ சிரிக்கமாட்ட. எவ்ளோ எண்ணெ ஊத்தினீங்கன்னு கேப்ப."

"கேக்காம? எண்ணெ என்னா குழாயிலயா வருது?"

சரி, அது கிடக்கட்டும். கை போகிற போக்கு என்று சொன்னோமே, அந்தப் பாடத்தை கலியன் பட்டுத்தான் கற்றுக்கொண்டார். எட்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது. பெல்ட் ஒட்டுகிற பிரிவில் தைரியநாதன் என்று ஒருவர். கடலூர்ப் பக்கத்துக்காரர், பர்மனென்ட், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவர். ஆள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்திலேயே முறைத்துக்கொண்டுதான் இருப்பார் என்று பேச்சு. அவர் வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கலியனுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் தைரியநாதன் தட்டில் ஒரு குட்டி வடை வைத்தார். முதல் நாள் மனுஷன் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் நாள் லேசாகத் தலையை ஆட்டினார். பத்தாம் நாள் தட்டைப் பார்க்கவே இல்லை, வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே நடந்தார். இருபத்தைந்தாம் நாள் மாவு பற்றாமல் குட்டி வடையே போடவில்லை. தைரியநாதன் ஜன்னலில் அப்படியே நின்றார். தட்டைப் பார்த்தார், கலியனைப் பார்த்தார், "ம்" என்றார். அதோடு மூன்று வாரம் பேச்சு கிடையாது.

"குடுத்த இருவத்திநாலு வடைக்கு ஒரு சிரிப்பு இல்ல, குடுக்காத ஒரு வடைக்கு மூணு வாரம் கோவம்" என்று கலியன் வீட்டில் வந்து புலம்பினார். ஆனால் மனுஷன் கெட்டிக்காரர், புலம்பியதோடு நிறுத்தவில்லை. அன்றிலிருந்து யாருக்கும் தொடர்ந்து இரண்டு நாள் வைப்பதில்லை என்று முடிவு கட்டினார். தைரியநாதனின் வீட்டம்மா குணமாகி வந்து இன்றுவரை அவரைத் திட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சக்கரத்தில்தான் இளம்பரிதி வந்து மாட்டினார். காண்ட்ராக்டர் அனுப்பிய புது சூப்பர்வைசர், இருபத்தாறு வயது, எம்.பி.ஏ. கெட்டவர் என்றால் எப்படியாவது சமாளித்திருக்கலாம். அவர் நல்லது செய்யக் கிளம்பியவர், அங்கேதான் வினை. வந்த ஒரு வாரத்தில் இரண்டு வரிசையையும் பார்த்தார், மறைந்து நின்று பார்த்தார், மொபைலில் படம் எடுத்தார். அப்புறம் கலியனைக் கூப்பிட்டார்.

"கலியன், உங்க லைன்ல மட்டும் ஏன் கூட்டம், தெரியுமா? டோபமைன்."

"அதெல்லாம் நாங்க சேக்கறதில்லீங்க சார். கடலப்பருப்பு, வெங்காயம், சோம்பு, அவ்ளோதான்."

இளம்பரிதி சிரித்தார். பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு நிமிஷ வீடியோ ஒன்று பார்த்திருந்தார். ஒரு நிமிஷத்தில் மூளை முழுக்கப் புரிந்துவிட்டது. "மூளைக்குள்ள சுரக்குற சந்தோஷ ஜூஸ் அது. எதிர்பாராம ஏதாச்சும் நல்லது கிடைச்சா சுரக்கும். நீங்க பத்து பேருக்குக் குடுக்குறீங்க, பத்து பேருக்கு சுரக்குது. அதையே எல்லாருக்கும் குடுத்தா? எல்லாருக்கும் சுரக்கும். சிம்பிள்." எதிர்பாராமல் என்ற வார்த்தையை அவரே சொன்னார், அவர் காதில்தான் அது விழவில்லை.

திட்டம் தயாரானது. இனிமேல் புதன்கிழமை தோறும் பத்து மணி பத்து நிமிஷத்துக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு குட்டி வடை. அதற்கென்று தனியாகப் பருப்பு ஊறவைக்கப்படும். நேரம் தெரிய ஒரு மணி அடிக்கப்படும். மற்ற நாட்களில் யாருக்கும் கிடையாது, வழித்த மாவையும் புதன்கிழமைக்கே ஃபிரிட்ஜில் சேர்த்து வைக்க வேண்டும். போர்டு எழுதி மாட்டினார்கள். தண்டவாளத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வாட்ச்மேன் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்தார்கள்.

கலியன் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். "சார், குடுக்கறது நல்லதுதாங்க. நாளு மட்டும் சொல்லாதீங்க. மணியும் வேணாங்க."

"சொன்னாதானே எல்லாரும் சந்தோஷமா காத்திருப்பாங்க?"

"அதாங்க சார் பயம்."

அவர் காதில் அதுவும் விழவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, முதல் புதன்கிழமை திருவிழாதான். நூற்றெண்பது பேர், நூற்றெண்பது குட்டி வடை. ஒருவர் பிரபாவதியம்மாவைத் தேடிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். இளம்பரிதி படம் எடுத்து காண்ட்ராக்டருக்கு அனுப்பினார், அங்கிருந்து கட்டைவிரல் படம் திரும்பி வந்தது.

இரண்டாம் புதன்கிழமை கலியன் ஒன்றைக் கவனித்தார். தண்டவாளத்தில் சுத்தியல் விழுந்ததும் அத்தனை முகமும் பளிச்சென்று ஆனது. ஆனால் வடை தட்டில் விழும்போது ஒரு முகமும் மாறவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே வடையைத் தின்றார்கள். மூன்றாம் வாரம் மணிக்கும் அந்தப் பளிச்சு இல்லை. அது செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு நகர்ந்துவிட்டது. "நாளைக்குப் புதன்" என்று வாட்ஸப் குரூப்பில் யாராவது போட்டால் நாற்பது பேர் சிரித்த பொம்மை போட்டார்கள். நாலாம் வாரம், குட்டி ரொம்பக் குட்டியாக இருக்கிறதே என்று ஒருவர் தராசு கேட்டார். ஐந்தாம் வாரம் ஒன்றுமே இல்லை. மணி அடித்தது, வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். மற்ற நாட்களில் இரண்டு ஜன்னலிலும் சமமாக நின்றார்கள், யார் எதற்காக இப்போது கலியன் ஜன்னலில் நெருக்கியடிக்க வேண்டும்? கலியனின் இடுக்கிக்கு வேலை இருந்தது, கண்ணுக்குத்தான் வேலை இல்லாமல் போனது.

ஆறாம் புதன்கிழமை ஐப்பசி மழை. விடிய விடியக் கொட்டித் தீர்த்ததில் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறி, பம்ப் ஓட்ட மூன்றாம் ஷிஃப்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்துவிட்டார்கள். பத்து மணி டீக்கு அறுபது வயிறு கூடுதலாக வந்து நின்றது. ஊறிய பருப்பு அத்தனையும் முழு வடையாகப் போட்டால்தான் ஆளுக்கு இரண்டு தேறும் என்று ஆகிவிட்டது. பிரபாவதியம்மா அதைத்தான் செய்தார், நியாயமும் அதுதான். ஆனால் இதை யாரும் வாட்ச்மேனிடம் சொல்லவில்லை. பத்து பத்துக்கு அவர் தண்டவாளத்தில் ஓங்கி அடித்தார்.

எல்லாரும் வந்து நின்றார்கள். "குட்டி வடை இன்னிக்கு இல்லீங்க" என்றார் கலியன்.

டோக்கன்படி இரண்டு வடை தின்றாகிவிட்டது. டீ குடித்தாகிவிட்டது. போன வருஷம் இதே தட்டைப் பார்த்து ஒரு ஆளும் முகம் சுளித்ததில்லை. இன்றைக்கு நூற்றெண்பது பேரும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி நின்றார்கள். அப்புறம் ஒருவர் டம்ளரை நங்கென்று வைத்தார். "எங்க வடைய எவன் தின்னது?" என்று ஒரு குரல் வந்தது. ஒரு மணி நேரத்தில் மனு எழுதப்பட்டது. அதில், நீண்டகால உரிமையான குட்டி வடை என்று இருந்தது. உரிமை பிறந்து சரியாக ஐந்து வாரம் ஆகியிருந்தது.

இளம்பரிதி மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஓடி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் வாய் குழறியது. அந்த நேரத்தில் கலியன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லையே. அத்தனை பேர் முன்னாலும், "நான் அப்பவே சொன்னேன் சார், நாளு சொல்லாதீங்க, மணி அடிக்காதீங்கன்னு" என்று சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. சூப்பர்வைசரின் காது சிவந்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் கலியனை ஜன்னலில் இருந்து எடுத்து பாத்திரம் கழுவுகிற அறையில் போட்டார்கள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்று பதில் வந்தது. பத்தொன்பது வருஷம் பர்மனென்ட்டாக இருந்த ஜன்னல் ஒரு வார்த்தையில் போய்விட்டது.

கழுவுகிற அறைக்கும் ஒரு ஜன்னல் உண்டு, பின்பக்கம். தட்டை அதன் வழியாக உள்ளே தள்ளலாம். ஆனால் அத்தனை தூரம் யார் நடப்பது, எல்லாரும் வாசலில் இருக்கிற டப்பில் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்த வியாழக்கிழமை என்னவென்றால், பின்பக்கம் சளசளவென்று சத்தம். கலியன் எட்டிப் பார்த்தால் அறுபது எழுபது பேர் எச்சில் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். "என்னாண்ணே, உன்ன இங்க போட்டுட்டாங்களா" என்கிறார்கள், தட்டை நீட்டுகிறார்கள், நீட்டிவிட்டு ஒரு நொடி நின்று கலியனின் கையைப் பார்க்கிறார்கள். கையில் சோப்பு நுரைதான் இருந்தது. வெள்ளியும் சனியும் அதே கூட்டம். கலியனுக்குத் தலைகால் புரியவில்லை. எச்சில் தட்டுக்கு வரிசை நின்ற கேண்டீன் இந்தப் பூமியில் வேறு எங்கே இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மகள் எழில்மதி வீட்டில் இருந்தாள். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. உயிரியல் படிக்கிறவள், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவாள். கலியன் நடந்ததை எல்லாம் பெருமையும் புலம்பலுமாகச் சொல்லி முடித்தார். எழில்மதி டோபமைன் என்ற வார்த்தையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அது சந்தோஷ ஜூஸ்னு உங்க சார் சொன்னது தப்புப்பா. குரங்கை வெச்சு சோதனை பண்ணியிருக்காங்க. வாயில ஒரு குழாய், திடீர்னு ஒரு சொட்டு ஜூஸ் விடுவாங்க. நடுமூளையில இந்த டோபமைன் செல்லு கொஞ்சம் இருக்கு. எப்பவும் டொக்கு டொக்குனு மெதுவா அடிச்சுக்கினு இருக்கும். ஜூஸ் விழுந்ததும் படபடன்னு அடிக்கும். அப்புறம் ஒரு விளக்கப் போட்டுட்டு ஜூஸ் விடுவாங்க. கொஞ்ச நாள் பழகினதும் ஜூஸுக்கு அடிக்காது, விளக்குக்குத்தான் அடிக்கும்."

கலியன் எழுந்து நின்றுவிட்டார். "தண்டவாள மணி."

"ஆமா. அந்த விளக்குக்கு முன்னாடி இன்னொண்ணு வழக்கமா வந்தா, அடிக்கிறது அதுக்குப் போயிடும்."

"செவ்வாக்கெழம சாயங்காலம்."

"விளக்கு எரிஞ்சும் ஜூஸ் வரலைன்னா, வரவேண்டிய அந்த நேரத்துல டொக்கு டொக்கும் நின்னு போய் அப்படியே அடங்கிடும். நெனச்சதுக்கு மேல கிடைச்சா படபட, நெனச்சது கிடைச்சா மாத்தம் இல்ல, நெனச்சது கிடைக்கலைன்னா கப்சிப். அந்த வித்தியாசத்தச் சொல்றதுதான் முக்கியமா அதோட வேலை. சந்தோஷம், ருசியெல்லாம் வேறப்பா."

"இதுக்கு எதுக்குக் கொரங்கத் தேடிப் போனாங்க? எங்க தைரியநாதண்ணனக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆதிலட்சுமி, "பத்தொம்பது வருசமா கேண்டீன்ல இருக்கேன்னு சொன்னீங்க, கொரங்காட்டம் காட்டிகினு இருந்தேன்னு சொல்லவே இல்லியே" என்றார். கலியன் சிரிக்கவில்லை. அவர் மண்டைக்குள் வேறு ஒன்று ஓடியது.

"ஏம்மா எழிலு, அப்ப தட்ட எடுத்துகினு பின்னால வராங்களே, அது?"

எழில்மதி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "நீதாம்ப்பா அவங்களுக்கு அந்த விளக்கு. உன்னப் பாத்தா ஏதோ வரும்னு மூளை பழகியிருக்கு. வடை வரலைன்னா கொஞ்ச நாள்ல பழக்கம் விட்டுப்போயிடும்."

பிள்ளை படித்ததைச் சொன்னது, அதன் மேல் குற்றம் இல்லை. ஆனால் கலியனோ பத்தொன்பது வருஷம் தன் முகத்தைப் பார்த்துத்தான் வரிசை நின்றார்கள் என்று நினைத்திருந்தார். விளக்கா நான்? ஜூஸ் நின்றால் குரங்கு விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காதே. அன்றைக்கு மத்தியானம் கோழிக் குழம்பு. கலியன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை கழுவுகிற அறை ஜன்னலில் எண்ணத் தொடங்கினார். நாற்பத்தொரு பேர். செவ்வாய் இருபத்தாறு. மகள் சொன்னது சுத்தமாகப் பலித்துக்கொண்டிருந்தது, அதுதான் கொடுமை. புதன் பதினொன்று. வியாழன் ஐந்து, அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒவ்வொரு நாளும் தட்டைத் தேய்த்துக்கொண்டே, அவர் போட்ட குட்டி வடைகளை, அந்தப் பளிச் முகங்களை நினைத்துக்கொண்டார். இதெல்லாம் வடைக்கு வந்ததுதானா, கலியா, உனக்கு என்று ஒன்றுமே இல்லையா? அழுகை வருகிற மாதிரி இருந்தது. நல்லவேளை வெங்காயம் அரிகிற மேடை பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தட்டு வந்தது. நீட்டிய கையில் பெல்ட் ஒட்டுகிற பசையின் கறுப்பு. நிமிர்ந்து பார்த்தால் தைரியநாதன். வழக்கம்போல முறைத்த முகம். தட்டைத் தள்ளினார், "ம்" என்றார், போய்விட்டார். யோசித்துப் பார்த்தால், போன வாரம் வியாழக்கிழமையில் இருந்து ஒரு நாள் விடாமல் அந்த ஆள் வந்துகொண்டுதான் இருந்தார். கூட்டத்தில் கலியனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமையும் அவர் ஒருவர்தான். தட்டு உள்ளே வந்தது. கலியன் வாங்கி அப்படியே டப்பில் போடப் போனவர், நின்றார். தட்டில் ஒரு முழு வடை இருந்தது. கடித்தது இல்லை, ஓரம் பிய்த்தது இல்லை, சுடச்சுட முழுசு.

"அண்ணே, வடைய வுட்டுட்டுப் போறீங்க."

"வுடல. வெச்சிருக்கேன்" என்றார் தைரியநாதன். "உனக்குத்தான்யா." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

கலியன் ஈரக்கையோடு அப்படியே நின்றார். எத்தனை ஆயிரம் வடை கையில் போயிருக்கும், அவர் தட்டில் யாரும் ஒன்று வைத்ததில்லை. அந்த வடையை நின்றபடியே தின்றார். உப்பு கொஞ்சம் தூக்கல், அதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "எழிலு, இன்னிக்கு என் மண்டையில அடிச்சுதும்மா. படபடன்னு அடிச்சுது" என்றார். ஆதிலட்சுமி பதறிப்போய் ஓடிவந்து அவர் தலையைத் தடவி எங்கே அடிபட்டது என்று பார்த்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு இளம்பரிதி கழுவுகிற அறைக்கு வந்தார். ஈரத் தரையில் ஷூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "அந்த மனு காண்ட்ராக்டர் வரைக்கும் போயிடுச்சு. புதன்கிழமை திட்டத்த எடுத்தாச்சு, கலியன். நாளையில இருந்து நீங்க பழையபடி கவுன்டர் பாருங்க. எப்படிக் குடுப்பீங்களோ அப்படியே குடுங்க." அப்புறம், "அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்" என்றார். சின்ன வயசு ஆளுக்கு அந்தக் கடைசி வார்த்தை வெளியே வர எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று கலியனுக்குத் தெரிந்தது. "பரவால்லீங்க சார், தண்ணி வழுக்கும், பாத்துப் போங்க" என்றார்.

ஜன்னல் திரும்பக் கிடைத்துவிட்டது. கலியன் குதித்திருக்க வேண்டும். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து மணியில் இருந்து அவர் கண் பின்பக்க ஜன்னலை விட்டு நகரவில்லை. கை பாட்டுக்கு ஒரே தட்டை மூன்று தடவை தேய்த்தது. பத்தேகால் ஆனது. காலடிச் சத்தம் கேட்டது. கறுப்புக் கை தட்டை நீட்டியது.

தட்டு காலி. வழித்துத் துடைத்த மாதிரி காலி.

கலியனுக்குச் சுர்ரென்று வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு கோபம். வேலை திரும்பக் கிடைத்த நாள், மகளிடம் அத்தனை பாடம் கேட்ட மூளை, ஒரு வடைக்காக உள்ளே கப்சிப் என்று அடங்கிப்போனது. தன்னை மீறி வார்த்தை வந்துவிட்டது. "என்னாண்ணே, இன்னிக்கு ஒண்ணும் இல்லியா?"

தைரியநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

"எட்டு வருசத்துக்கு முன்னால என் வூட்டுக்காரி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தெனம் எனக்கு ஒண்ணு வெச்ச. நான் வடையத்தான் தின்னேன், உன் மூஞ்சிய ஒரு நாளும் நிமுந்து பாக்கல. ஒரு நாள் இல்லன்னதும் உங்கிட்ட மூணு வாரம் பேசல. அப்புறம் நெனச்சு நெனச்சு எனக்கே வெக்கமாப் போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இப்ப நானும் உனக்குத் தெனம் வெச்சா, நீ மட்டும் என் மூஞ்சிய நிமுந்தா பாப்ப?"

சொல்லிவிட்டு அந்த மனுஷன் சிரித்தார். இரண்டு பல் இல்லை என்று அன்றைக்குத்தான் கலியனுக்குத் தெரிந்தது. கலியனுக்கும் சிரிப்பு வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, முழங்கையால் துடைக்கப் போய் சோப்பு பட்டு எரிந்தது. எரிந்த கண்ணோடு, டப்பில் கிடந்த மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்தக் காலித் தட்டை எடுத்து முதலில் தேய்த்தார்.